ஐந்து ரிங்கிட் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும்: மனநலம், சமூகப்பணி பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கில் சமூகப்பணி கற்பிக்கிறேன். செபராங் பிறையின் பழைய தோட்டப்புறங்களிலும் கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் மனநலச் சேவை யாரை எட்டுகிறது, யாரை எட்டாமல் போகிறது என்பதே என் ஆய்வு. இந்தத் துறையைப் பற்றியும், வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியும் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி (கோலாலம்பூர், மாணவி): அக்கா, பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டுச் சமூகப்பணி படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன். "அரிசி, மாவு பொட்டலம் கொடுக்கப் பட்டப்படிப்பு எதற்கு? மனநலத்தில் ஆர்வம் என்றால் மருத்துவமோ உளவியலோ படி" என்கிறார் அப்பா. சமூகப்பணி ஆய்வாளர் உண்மையில் என்னதான் செய்கிறார்?

பதில்: அப்பாவிடம் கோபப்படாதீர்கள் தங்கை. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

கோலாலம்பூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் பெண். கடுமையான மனச்சோர்வு. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் கட்டணம் 5 ரிங்கிட். மருத்துவர் நல்லவர், மருந்தும் சரியானது. இரண்டு முறை போனார், அப்புறம் போகவில்லை. பதிவேட்டில் 'சிகிச்சையைத் தொடரவில்லை' என்று ஒரு வரி எழுதப்பட்டது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசியபோதுதான் காரணம் தெரிந்தது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 சென். வராத நாளுக்குக் குத்தகைக்காரர் காசைப் பிடித்துக்கொள்கிறார். விடிந்ததும் கிளம்பி, எண் எடுத்துக் காத்திருந்து, மருந்து வாங்கித் திரும்பினால் பொழுது போய்விடுகிறது. பஸ் காசையும் சேர்த்தால் 5 ரிங்கிட் வைத்தியத்துக்கு அவர் எழுபதுக்கு மேல் கொடுக்கிறார். சமையலறையிலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்து வந்து திறந்து காட்டினார். உள்ளே மாத்திரைகள். ஒவ்வொன்றும் காய் நறுக்கும் கத்தியால் பாதியாக வெட்டப்பட்டிருந்தது. ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

மனநல மருத்துவர் நோயைப் பார்த்தார், சரியாகவே பார்த்தார். அந்த 65 ரிங்கிட்டை யார் பார்ப்பது? மருத்துவமனைச் சமூகப்பணியாளர் முதலாளியிடம் பேசுவார்; தொடர் மருந்தை அஞ்சலில் அனுப்பும் சேவையில் நோயாளியைச் சேர்த்துவிடுவார்; அடுத்த சந்திப்பை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சுகாதார கிளினிக்குக்கு மாற்ற முடியுமா என்று கேட்பார். ஆய்வாளரின் கேள்விகள் இதற்கும் அப்பால் போகின்றன. இப்படி நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? எந்தக் குடியிருப்பு, என்ன வேலை, என்ன மொழி? சனிக்கிழமையும் கிளினிக் திறந்திருந்தால் திரும்பி வருவார்களா? திறந்து பார்க்கச் சொல்லி, வந்தவர்களை எண்ணி, அந்தக் கணக்கை முடிவெடுப்பவர்களின் மேசையில் வைக்கும்வரை அவர் வேலை முடிவதில்லை. மனநலச் சமத்துவம் என்று நாங்கள் கட்டுரைகளில் எழுதுவதும் இதைத்தான்.

கேள்வி (செந்தூல், ஒரு தாய்): மகனுக்கு 22 வயது. சில மாதங்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. யாரோ தன்னைத் திட்டுவது காதில் கேட்கிறது என்கிறான். மாமியார் வழியில் பூசாரியிடம் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்று கணவர் பயப்படுகிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? மாற்றுத்திறனாளி அட்டை இதற்குக் கிடைக்குமா?

பதில்: அம்மா, இது உங்கள் வளர்ப்பினால் வந்ததில்லை. எவரும் எதையும் செய்து வைத்துவிட்டதாலும் வரவில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு மருத்துவம் உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இந்த வாரமே பக்கத்துச் சுகாதார கிளினிக்குக்கு மகனை அழைத்துப் போய், எனக்கு எழுதியதை அப்படியே அங்கே சொல்லுங்கள். அவர்கள் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அவன் வர மறுத்தால், நீங்கள் மட்டும் போயாவது ஆலோசனை கேளுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் நிலை தெரிந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள்.

கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தஞ்சோங் ரம்புத்தானில் அந்த மருத்துவமனை 1911-இல் தொடங்கியது. போனவர் திரும்பாத காலம் ஒன்று இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லியே பிள்ளைகளை மிரட்டிய தலைமுறை நம்முடையது. இன்று முதல் முறையாக நோய் காண்பவர்களில் பெரும்பாலோர் சாதாரண அரசாங்க மருத்துவமனையிலேயே சிகிச்சை பெற்று வீட்டிலிருந்து தொடர்கிறார்கள். 'மெந்தாரி' என்ற சமூக மனநல மையங்கள் இருக்கின்றன. மருந்தோடு நிற்காமல், குணமாகி வருபவர் வேலைக்குத் திரும்பவும் அங்கே துணை நிற்கிறார்கள். மகனுக்கு அந்த உதவி பின்னால் மிகவும் வேண்டியிருக்கும்.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அர்ச்சனை செய்யுங்கள், நேர்ந்துகொள்ளுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, கட்டிப்போடச் சொன்னாலோ, பட்டினி போடவோ அடிக்கவோ முற்பட்டாலோ அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பலர் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்த பெற்றோர். பக்கத்தில் மருத்துவம் இல்லாததால், அல்லது இருந்தும் நம்பத் தெரியாததால் அங்கே போனார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன். ஒரு வீட்டில் மூத்த மகளைப் பெண் பார்க்க வரும் நாளில் மகனின் மருத்துவமனை அட்டையை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அட்டையை யாரும் வெளியே எடுக்கவில்லை, அடுத்த சந்திப்பு நாளும் போய்விட்டது. உறவினருக்கெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குள் மூன்று பேருக்காவது சந்திப்புத் தேதி தெரிந்திருக்கட்டும்.

மாற்றுத்திறனாளி அட்டையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மனநோய்க்கும் அது உண்டு. குறைந்தது இரண்டு ஆண்டுகள் மனநல சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். அதற்கு இப்போது அவசரமில்லை.

கேள்வி (நிபோங் திபால், லாரி ஓட்டுநர்): என் அண்ணன் மகன் போன வருடம் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இந்த நாட்டில் தற்கொலை நம் இனத்தில்தான் அதிகம் என்கிறார்கள். உண்மையா? நம் ரத்தத்திலேயே ஏதாவது கோளாறா?

பதில்: ஐயா, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். நீங்கள் கேட்டது உண்மைதான். மக்கள்தொகையில் இந்தியர்களான நம் பங்கைவிட இந்த மரணங்களில் நம் பங்கு கூடுதல் என்பதை மலேசிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ரத்தத்தில் கோளாறு என்பதை நான் ஏற்கவில்லை. எங்கே அதிகம், எந்தச் சூழலில் அதிகம் என்று பார்க்கும்போது, கடன், குடி, வேலை போனது, வீட்டில் சண்டை, கேட்க ஆளில்லாத தனிமை என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

உங்களுக்குப் பக்கத்திலுள்ள பத்து காவான் ஊரையே பாருங்கள். நம் பெரியவர்கள் அங்கே தோட்டத்தில் உழைத்தவர்கள். 2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலம் அங்கே வந்து இறங்கியது. இப்போது தொழிற்சாலைகளும் உயர்மாடிகளும் நிற்கின்றன. தோட்டம் மூடப்பட்டபோது போனது வேலை மட்டுமல்ல. லயத்து வரிசை வீடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம், தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் ஒரே முதலாளியின் நிலத்தில் இருந்தவை. அவை ஒன்றாகவே கையைவிட்டுப் போயின. மாலையில் கோயில் வாசலில் உட்கார்ந்து ஒருவன் முகம் வாடியிருப்பதைக் கவனிக்க நாலு பேர் இருந்தார்கள். அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டவனை யார் கவனிப்பது? தோட்ட வாழ்க்கை பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. மலிவுச் சாராயமும் அடி உதையும் அங்கேயே இருந்தவைதான். ஆனால் அங்கிருந்து பெயர்த்தெடுத்தவர்கள் மாற்று ஏற்பாடு எதையும் செய்து தரவில்லை. இதை 'இந்தியர் பிரச்சினை' என்று பெயரிட்டு மூடிவிடுவதை நான் கூட்டங்களில் எதிர்த்துப் பேசுவது இதனால்தான்.

சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது, எல்லோருக்கும் சொல்லுங்கள். தற்கொலைக்கு முயல்வது குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவின்கீழ் குற்றமாக இருந்தது. ஓராண்டுவரை சிறை விதிக்க முடிந்தது. வழக்குக்குப் பயந்து குடும்பங்கள் ஆஸ்பத்திரியில்கூட உண்மையைச் சொல்லாமல் மறைத்தன. 2023-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. மனநலச் சட்டமும் திருத்தப்பட்டு, போலீசாரோடு தீயணைப்புப் படையினர், பொதுத் தற்காப்புப் படையினர், சமூக நல அதிகாரிகள் ஆகியோரும் நெருக்கடியில் இருப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கலாம் என்று ஆகியிருக்கிறது. உதவி கேட்டால் இனி வழக்கு வராது.

அண்ணனையும் அண்ணியையும் தனியே விடாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கும் ஆபத்து உண்டு. மனம்விட்டுப் பேச உதவித் தொலைபேசி எண்கள் இவை: கோலாலம்பூர் பிஃபிரண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, தாலியான் காசே 15999. நீங்களும் அழைக்கலாம் ஐயா. துக்கம் உங்களுக்கும்தான்.

கேள்வி (பட்டர்வொர்த், இடைநிலைப்பள்ளி ஆசிரியை): என் வகுப்பில் இரண்டு மூன்று மாணவிகள் எப்போதும் சோர்ந்தே இருக்கிறார்கள். வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். 2022-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. நால்வரில் ஒருவருக்கும் கூடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமோ சாப்பாடோ மாறினால், பிடித்த ஒன்றைக் கைவிட்டால், தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். "ஏன் மார்க் குறைந்தது" என்று தொடங்காமல் "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்" என்று தொடங்கினால் பேசுவார்கள். சாகவேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்றைக்கே பள்ளி ஆலோசகரிடமும் நம்பிக்கையான ஒரு பெரியவரிடமும் சொல்லுங்கள். ரகசியமாக வைத்துக்கொள்வதாக மாணவியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (செராஸ், ஒரு தந்தை, இதே கேள்வியை ஈழத்திலிருந்து அகதியாக வந்த ஒருவரும் கேட்டிருந்தார்): மகளுக்கு அடையாள அட்டை இல்லை. மனநல சிகிச்சை வேண்டும். அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று பயம்.

பதில்: என் வேலையில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். இந்த நாட்டில் பிறந்து, தமிழ்ப்பள்ளி வாசலை மிதித்து வளர்ந்த பெண்ணை வெளிநாட்டவர் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். அட்டை இல்லாததால் தேர்வு எழுதுவதே சிக்கல், முறையான வேலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. இவை இல்லாமல் ஒருவருக்குப் பதற்றமும் தூக்கமின்மையும் வருவதை வியாதி என்று மட்டும் எழுதிவிட்டு மாத்திரை கொடுப்பது போதாது. தாளைச் சரிசெய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி.

உடனே செய்ய வேண்டியது: பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது. பதிவு முகப்பில் வாதாடிக் களைக்காமல் அந்தப் பிரிவைக் கேட்டுப் போங்கள். கட்டண உதவிக்கு அவர்களால் பரிந்துரைக்க முடியும். விண்ணப்பத்துக்கான வயது வரம்பை மகள் இன்னும் தாண்டவில்லை என்றால் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ்க் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வயது தாண்டினால் வழி அடைபடும். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டைச் சிக்கல்களைக் கையாளும் வழக்குரைஞர் ஒருவரை இப்போதே பாருங்கள்.

அகதியாக எழுதியிருந்த சகோதரருக்கு: மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆனாலும் ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். தரும் அட்டையை வைத்திருப்பவருக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. போகும்போது அட்டையின் மூலத்தைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி (கோலாலம்பூர், அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர்): டாக்டர், மன்னிக்கவும், நேராகவே கேட்கிறேன். பல்கலைக்கழகத்தார் வருகிறார்கள், ஃபாரம் நிரப்பச் சொல்கிறார்கள், ஒரு டவல், ஒரு மக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். லிஃப்ட் அப்படியே கெட்டுக் கிடக்கிறது. உங்கள் ஆய்வால் எங்களுக்கு என்ன பயன்?

பதில்: மன்னிப்பு எதற்கு? நீங்கள் கேட்டதை என் முனைவர் பட்ட மாணவர்களின் அறைச்சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்.

ஆய்வுக்குப் பயன் இருக்க முடியும். 2018-இல் யுனிசெஃப் கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். இரட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இப்படியா என்று நாடே பேசியது. அந்த எண் இல்லாவிட்டால் நீங்கள் எத்தனை மனு எழுதினாலும் 'சில குடும்பங்கள்' என்றுதான் பதில் வந்திருக்கும்.

ஆனால் எண்ணை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவேண்டும். எங்கள் துறையில் பதவி உயர்வுக்குச் சர்வதேச ஆய்விதழ்க் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். குடியிருப்பு மண்டபத்தில் தமிழிலும் மலாயிலும் முடிவுகளை விளக்கிய மாலையை எவரும் எண்ணுவதில்லை. இது மாறாதவரை உங்கள் எரிச்சல் நியாயமானது. அதனால் அடுத்த முறை வருபவர்களிடம் நீங்களே நிபந்தனை போடுங்கள். கேள்விகளைத் தயாரிக்கும்போதே குடியிருப்பாளர் இருவர் உடனிருக்க வேண்டும். தரவு சேகரிக்க இங்குள்ள பெண்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் தர வேண்டும். முடிவுகள் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகும்முன் இந்த மண்டபத்துக்கு வர வேண்டும். ஒப்புக்கொள்ளாதவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள்.

லிஃப்டையும் விட்டுவிடாதீர்கள். முழங்கால் வலியோடு பத்தாவது மாடியில் இருக்கும் பாட்டிக்குக் கெட்டுப்போன லிஃப்ட் என்றால் வாரக்கணக்கில் வீட்டுச்சிறை. நான் பார்த்த முதியோர் மனச்சோர்வில் பாதிக்கு முதல் மருந்து லிஃப்ட் மெக்கானிக்தான். கேமராக்களைக் குடியிருப்பாளர்களிடமே கொடுத்து, எது மனத்தை அழுத்துகிறதோ அதைப் படமெடுக்கச் சொல்லும் ஆய்வுமுறை ஒன்று உண்டு. 1990-களில் சீனாவின் யுன்னான் கிராமத்துப் பெண்களோடு தொடங்கியது. படங்களை வரிசையாக மாட்டி மாநகர மன்ற அதிகாரிகளை அழைத்து நடக்கவிட்டால், பத்துப் பக்க அறிக்கையைவிட வேகமாக வேலை நடக்கும். உங்கள் சங்கம் அதைச் செய்ய விரும்பினால் நான் வருகிறேன்.

கேள்வி (ஜார்ஜ் டவுன், இறுதியாண்டு மாணவர்): இந்தத் துறையில் ஆய்வாளராக வர எந்தப் பாதையில் போக வேண்டும்? முன்மாதிரியாக யாரைப் பார்க்கலாம்?

பதில்: பக்கத்திலேயே இருக்கிறீர்கள் தம்பி. மலேசியாவில் சமூகப்பணிப் பட்டக்கல்வி 1975-இல் நம் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. பட்டம் முடித்ததும் நேரே முனைவர் பட்டத்துக்குப் போகாதீர்கள். சில ஆண்டுகள் மருத்துவமனையிலோ சமூக நல இலாகாவிலோ களத்தில் வேலை செய்துவிட்டு வாருங்கள். யாருடைய வீட்டிலும் உட்கார்ந்து தேநீர் குடிக்காதவர் எழுதும் ஆய்வை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று மொழியிலும் எழுதப் பழகுங்கள். ஆய்விதழுக்கு ஆங்கிலம், அமைச்சுக்கு மலாய், உங்களிடம் மனம் திறந்தவருக்குத் தமிழ். ஆலோசகர் என்ற பெயரில் சேவை தர வேண்டுமானால் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலோசகர் வாரியத்தில் பதிய வேண்டும். சமூகப்பணிப் பட்டம் அதற்கு ஈடாகாது. இந்த எல்லையை இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சமூகப்பணியாளருக்கும் இதுபோல் தனிச் சட்டம் வேண்டும் என்று 2010-இலிருந்தே குரல் கொடுத்தோம்.

முன்மாதிரி கேட்டிருந்தீர்கள். சென்னையில் சமூகப்பணி படித்த வந்தனா கோபிகுமாரைப் பற்றித் தேடிப் படியுங்கள். 1993-இல் வைஷ்ணவி ஜெயகுமாரோடு சேர்ந்து, மனநோயோடு தெருவில் அலைந்த பெண்களுக்காக 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கினார். பின்னர் முனைவர் பட்டமும் பெற்று, அதே பெண்கள் மருத்துவமனையைவிட்டு வெளியே வாடகை வீட்டில் வாழ முடியும் என்பதை ஆய்வாக நிறுவும் வேலையிலும் இறங்கினார். களமும் ஆய்வும் ஒரே வாழ்க்கையில் சேரும் என்பதற்கு அவரைவிட நல்ல சான்றை நம் மொழி பேசும் ஊர்களில் நான் பார்க்கவில்லை.

கேள்வி (பிறை, இல்லத்தரசி): நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். கோயில் மாதர் பிரிவில் இருக்கிறேன். எங்களைப் போன்றவர்களால் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: நிச்சயமாக முடியும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா என்பவர், மருத்துவர்கள் போதாத ஹராரே நகரில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக் வாசலில் ஒரு மரபெஞ்சு. மனம் சோர்ந்து வருபவர் அதில் பாட்டியோடு உட்கார்ந்து, தன் சிக்கல்களைச் சொல்லி, அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு ஒரு வழியை அவரே கண்டுபிடிக்க வேண்டும். பாட்டி புத்திமதி சொல்லக்கூடாது, கேட்டு வழிநடத்த வேண்டும். 2016-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன.

உங்கள் மாதர் பிரிவில் இருக்கும் பெண்களுக்கு யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரியும். எங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆகிறது. பயிற்சியில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது. அது முடியாதவரை, எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் சேர்க்காதீர்கள். இரண்டாவது, எந்த நிலையில் நீங்கள் நிறுத்திக்கொண்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது. அதற்கு உங்கள் பகுதிச் சுகாதார கிளினிக்கில் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு தாதியோ மருத்துவரோ வேண்டும். ஆகவே முதல் வேலையாக மாதர் பிரிவில் இரண்டு பேர் அந்த கிளினிக்குக்குப் போய் அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்; என் மாணவர்களோடு நானே வந்து பயிற்சி தருகிறேன். வெள்ளிக்கிழமை பூசை நாள் என்று தெரியும், அதனால் சனிக்கிழமை மாலையாக இருக்கட்டும்.